நன்னன் பெயரைச் சொன்னால் சோறு

உணவைப் பற்றிய தமிழ் நூல் எது என்று கேட்டால், பெரும்பாலோர் எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' நூலைச் சொல்லக்கூடும். என்னைக் கேட்டால் மலைபடுகடாம் என்பேன். வழியிலுள்ள குடியிருப்புகளில் எல்லாம் ஒரு சோற்றைப் படைத்து வைத்து, படிப்பவனை அடுத்த ஊருக்கு அழைத்துச் செல்லும் பாட்டு அது. திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதில் சற்றுக் கூடுதல் உரிமையும் உண்டு. பாட்டுடைத் தலைவனான நன்னன்சேய் நன்னன் ஆண்ட செங்கண்மா, இங்கிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியே வரும் நம் செய்யாறு. நவிரமலை என்று அது குறிப்பது பருவதமலையை என்பது அறிஞர் கருத்து. அம்மலையில் உறையும் இறைவனை, நஞ்சை உணவாகக் கொண்டவன் என்றே பாட்டு அறிமுகம் செய்கிறது. இந்நூலில் கடவுளுக்கும் உணவே அடையாளம்.

பத்துப்பாட்டில் பத்தாவதாக வைக்கப்பட்டுள்ள இப்பாட்டு 583 அடிகளைக் கொண்டது. பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். கூத்தராற்றுப்படை என்றும் இதற்குப் பெயர் உண்டு. ஏட்டுச்சுவடியில் கிடந்த பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் உ.வே. சாமிநாதையர் 1889-இல் அச்சேற்றினார். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் அமைப்பு எளிமையானது. வள்ளல் ஒருவனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனைக் கண்டு, "நீயும் அவனிடம் போ, வழி இப்படி இருக்கும்" என்று சொல்வதே அது. மலைபடுகடாத்தில் வழி மிக நீளம். எனவே உணவும் மிகுதி.

நான் இந்நூலை முதலில் படித்தது ஏறத்தாழ எட்டு வயதில். படித்தேன் என்பதைவிடக் கேட்டேன் என்பதே சரி. என் தந்தையார் தமிழாசிரியர். பொ.வே. சோமசுந்தரனார் உரையுடன் கழகம் வெளியிட்ட பத்துப்பாட்டுத் தொகுதி எங்கள் வீட்டில் இருந்தது. அது 1966-ஆம் ஆண்டு. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்து நாடே உணவுத் தட்டுப்பாட்டில் தவித்த காலம். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கி அரசு காத்திருந்தது. பள்ளிகளில் மதிய உணவுக்குக் 'கேர்' நிறுவனத்தின் மாவும் பால்பொடியும் வந்தன. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கம் ஓர் ஆட்சியையே மாற்றியது என்றால், அரிசி அன்று என்ன பாடு படுத்தியது என்பதை இன்றைய இளைஞர்கள் ஊகித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இரவு உணவு பெரும்பாலும் கேழ்வரகுக் கூழ். அதைக் குடித்துவிட்டுப் படுக்கும்போது, தந்தையார் மலைபடுகடாத்தில் சோறு வரும் பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, உரையைக் கதையாக்கிச் சொல்வார். நெய்யில் வெந்த இறைச்சித் துண்டுகளும் தினைச் சோறும் வந்தால், "இன்னொரு தடவை சொல்லுங்கப்பா" என்று கேட்போம். இறைச்சியே சமைக்காத வீடு எங்களுடையது. கேட்பதற்குத் தடையில்லை.

அண்மையில் அதே தொகுதியை முழுமையாகப் படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவனுக்கு எந்த நூலைப் படித்தாலும் வரவு யாருக்கு, செலவு யாருக்கு என்று பார்க்கும் பழக்கம் போவதில்லை. பாட்டு அதற்கு நன்றாகவே ஈடுகொடுத்தது.

முதலில் உணவின் வரிசையைப் பார்ப்போம். மலையடிவாரத்துச் சிற்றூரில் நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும். மேலே ஏறினால் மூங்கில் குழாயில் விளைந்த தேன்கள். உடும்பு, கடமான், காட்டுப்பன்றி ஆகியவற்றின் இறைச்சி. அருவி அடித்து வந்த பலாப்பழத்தின் கொட்டை. புளியும் மோரும் கலந்த உலையில் மூங்கிலரிசி. மலைச்சாரல் முழுவதும் மணக்கும்படி அதைத் துழாவுவார்கள் என்கிறார் புலவர். இறங்கி முல்லை நிலத்துக்கு வந்தால் ஆட்டுமந்தைகளின் நடுவே பாலும் பாற்சோறும், படுக்க ஆட்டுமயிர்த் தோல் விரிப்பும், விலங்குகள் அண்டாதபடி இரவெல்லாம் எரியும் நெருப்பும். அதற்கடுத்துப் புன்செய் நெல்லும் அவரையும் சேர்த்த புளிங்கூழ், சர்க்கரைப் பொடிபோல் நுண்ணிய தினைமா. வயல்வெளியை அடைந்தால் வாளையும் வராலும் வெண்ணெல் சோறும். ஒவ்வோர் ஊர்ச் சோறும் அந்த ஊரைச் சுற்றி நடந்து எட்டும் தூரத்தில் விளைந்தது அல்லது பிடிபட்டது. ஐந்திணை என்று நாம் இலக்கணமாகக் கற்றது இங்கே தட்டில் இருக்கிறது. இதை நிலவியல் வகுப்பில் பாடமாக வைக்கலாம் என்பது என் கருத்து. யாரும் கேட்கப்போவதில்லை.

சிறுவயதில் எனக்கு மிகவும் பிடித்தது மூங்கிலரிசி. மூங்கிலில் அரிசி விளையும் என்ற செய்தியே மந்திரம் போலிருந்தது. இப்போது அது வேறு விதமாகத் தெரிகிறது. பல மூங்கில் இனங்கள் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூத்து, விதை தந்து, மடியும். அந்த விதைதான் மூங்கிலரிசி. அதைத் தின்னக் கூடும் எலிகள் பெருகிப் பிறகு வயல்களில் புகும். மிசோரமில் 1958-59-இல் மூங்கில் பூத்தபோது ஏற்பட்ட பஞ்சமும், அதைத் தொடர்ந்த அரசியல் கொந்தளிப்பும் வரலாறு. நம் நாட்டுப் பஞ்சக் காலங்களில் மலைமக்களை மூங்கில் விதை காப்பாற்றியதும் உண்டு. ஆகவே மூங்கிலரிசி என்பது ஒரே சமயத்தில் வரமும் எச்சரிக்கையும் ஆகும். கூத்தர் கூட்டத்துக்கு அதை உலையிலிட்டுக் கொடுத்த மலைக்குடும்பம், ஆண்டுதோறும் கிடைக்கும் பொருளைக் கொடுக்கவில்லை.

இங்கிருந்துதான் என் கணக்கு தொடங்குகிறது. இத்தனை வீடுகளில் இந்தக் கூட்டம் உண்கிறதே, இதற்கு விலை கொடுத்தவர் யார்?

கூத்தர்கள் வெறுங்கையர். யாழும் முழவும் பிற கருவிகளும் சுமந்து, பெண்டிரும் சுற்றமும் சூழ நடப்பவர்கள். ஊருக்குள் நுழையும்போது அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். "நாங்கள் நன்னனின் கூத்தர்கள்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் போதும், வாசலில் தயங்கி நிற்க வேண்டியதில்லை, சொந்த வீட்டுக்குள் போவதுபோல் போகலாம் என்கிறது பாட்டு. வீட்டார் உறவு கொண்டாடி இன்சொல் கூறி உபசரிப்பார்கள். அடுத்தடுத்த வீட்டார் பிள்ளைகளைத் தடுப்பதுபோலத் தடுத்து நிறுத்திச் சோறிடுவார்கள்.

வணிகர்கள் ஒரு காலத்தில் உண்டியல் எழுதிக் கொடுப்பார்கள். மதுரையில் எழுதிய உண்டியலுக்குக் காசியில் பணம் கிடைக்கும். எழுதியவரின் பெயருக்கு அங்கே மதிப்பு இருப்பதுதான் காரணம். நன்னனின் பெயரும் அப்படிப்பட்ட ஓர் உண்டியல். அவனுடைய ஆட்சி எதுவரை செல்கிறது என்பதற்கு அடையாளம் கோட்டை மதிலன்று. எந்தக் குடிசை வரை அவன் பெயருக்குச் சோறு கிடைக்கிறதோ அதுவரை அவன் நாடு. ஆனால் காசி வணிகர் கொடுத்த பணத்தை மதுரை வணிகர் பிறகு ஈடுசெய்வார். மலைக்குடிசைக்கு நன்னன் ஈடுசெய்தானா?

பாட்டின் பிற்பகுதியில் இதற்கு ஒரு விடை மறைந்திருக்கிறது. கூத்தர்கள் அரண்மனை வாயிலை அடையும்போது, அங்கே மன்னனுக்குக் கொடுப்பதற்காக மக்கள் கொண்டுவந்த கையுறைப் பொருள்கள் குவிந்து கிடக்கும் காட்சியைப் புலவர் நீண்ட பட்டியலாகத் தருகிறார். கரடிக்குட்டி, காட்டுப்பசுவின் கன்று, யானைத் தந்தம், சந்தனம், பலாப்பழம், தேன் என்று அது போய்க்கொண்டே இருக்கும். சிறுவனாக இருந்தபோது அது ஒரு விலங்குக்காட்சிச்சாலை. இப்போது அது வரவுப் பேரேடு. மலையிலிருந்து பொருள் வாயிலுக்கு வருகிறது. வாயிலிலிருந்து பரிசாகக் கூத்தருக்குப் போகிறது. கூத்தர் வரும் வழியில் உண்டதும் அதே மலையின் சோறுதான். மலைக்குடி இரண்டு முறை கொடுக்கிறது. புகழ் ஒருமுறைகூட அதன் பெயரில் பதிவாகவில்லை. அது நன்னனின் பெயரில்தான் நிற்கிறது.

மார்செல் மோஸ் என்னும் பிரெஞ்சு மானிடவியலாளர் 1925-இல் வெளியிட்ட கொடை பற்றிய புகழ்பெற்ற ஆய்வில், தொல்சமூகங்களில் கொடுத்தலும் பெறுதலும் திருப்பித் தருதலும் கடமைகள் என்று விளக்கினார். கைமாறு கருதாத கொடை என்று நாம் நினைப்பதற்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவர் வாதம். சங்க இலக்கிய விருந்தோம்பலைப் பெருமிதத்தோடு மேடையில் பேசும் நாம், இந்தக் கணக்கைப் பார்க்க விரும்புவதில்லை. பார்த்தால் பெருமை குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. பெருமை வேறு கைக்கு மாறும். அவ்வளவுதான்.

அந்தக் கை யாருடையது என்பதையும் பாட்டு மறைக்கவில்லை. மலைக்கு ஏன் 'கடாம்' என்ற பெயர் வந்தது? மலையை ஒரு யானையாகவும், அதில் எழும் ஓசைகளை அதன் மதநீராகவும் உருவகம் செய்ததால். அந்த ஓசைகளின் பட்டியல் தமிழிலக்கியத்தின் அரிய பகுதிகளில் ஒன்று. அருவியின் ஒலி, யானைப் பிளிறல், குறவர் ஆரவாரம் இவற்றின் நடுவே இரண்டு ஒலிகள் என்னை நிறுத்தின. ஒன்று, தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு. மற்றொன்று, புலி பாய்ந்ததால் மார்பில் புண்பட்ட கணவனுக்காக, அந்தப் புண் ஆறுவதற்குக் காப்பாக மனைவியர் பாடும் பாட்டு. கூத்தர் உண்ட தினைச்சோற்றுக்குப் பின்னால் உலக்கை இருக்கிறது. இறைச்சிக்குப் பின்னால் இந்தப் புண் இருக்கிறது. எங்களுக்குக் கதை சொன்ன தந்தையார் ஓசைப் பகுதியைத் தாண்டிவிடுவார். அதில் சோறு இல்லை என்பதால் நாங்களும் கேட்கவில்லை. கேழ்வரகு இடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த அம்மா கேட்டிருப்பார்.

சிறுதானியங்களுக்கு இன்று மீண்டும் மதிப்பு வந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நம் மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் இன்றும் சாமை பயிரிடுகிறார்கள். தினையையும் சாமையையும் நாம் ஏன் கைவிட்டோம் என்று கேட்பவர்கள், நாகரிக மோகம், அரிசி மோகம் என்று காரணம் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. சாமையின் உமி தானியத்தோடு இறுகப் பற்றியிருப்பது. அதை உரலில் இட்டுக் குற்றி, புடைத்து, மீண்டும் குற்றி அரிசியாக்குவது மணிக்கணக்கான வேலை. அந்த வேலை முழுவதும் பெண்களுடையது. நியாயவிலைக் கடை அரிசி மலைக்கு ஏறியபோது உலக்கை கீழே வைக்கப்பட்டதற்கு, சுவையோ மோகமோ முதற்காரணம் அல்ல என்பது என் துணிபு. இன்று நகரத்து அங்காடிகளில் தினையும் சாமையும் அரிசியைவிட அதிக விலைக்கு விற்கின்றன. பழங்காலச் சோற்றின் விலையில் அன்று குற்றிய பெண்ணின் கூலி சேர்ந்ததில்லை. இன்று ஆலைக் கூலி சேர்கிறது. விலை உயர்வுக்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தப் பாட்டில் பொருளியலாளனை மிகவும் வியக்கவைப்பது விருந்து அன்று; வழி சொல்லும் செயல். யோசித்துப் பாருங்கள். பரிசு கொடுப்பவன் ஒருவன். பெற விரும்புவோர் பலர். பெற்றுத் திரும்புகிறவன், அந்த இடத்தைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தால் அடுத்த முறை தனக்கே அதிகம் கிடைக்கும். பாடநூல் சொல்லும் 'பகுத்தறிவுள்ள மனிதன்' அப்படித்தான் நடந்துகொள்வான். ஆற்றுப்படைக் கலைஞனோ போட்டியாளனை நிறுத்தி வைத்து, எந்த இடத்தில் பாசி வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், பன்றிக்கு அஞ்சி வைத்த கற்பொறிகள் எந்தத் தினைப்புனத்தில் உள்ளன, பரண்மீதிருந்து எறியும் கவண்கல் எங்கே வந்து விழும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். மலைச்சோற்றின் சுவையில் தங்கிவிட்டால் போன காரியமே மறந்துபோகும், சில நாளில் இறங்கிவிடுங்கள் என்றும் எச்சரிக்கிறான்.

அதில் ஓர் அறிவுரை சிறியது. வழி பிரியும் இடத்தில், உங்களுக்குப் பின்னால் வரும் புதியவர்கள் தடுமாறாதபடி, சந்தியைக் கையால் துடைத்துவிட்டுப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுங்கள் என்கிறான். பொதுப்பண்டம் என்ற கருத்தை விளக்க, கலங்கரை விளக்கத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சொல்லி நான் ஓய்வு பெற்றுவிட்டேன். செங்கத்துக்குப் போகும் வழியில் முடிந்து வைத்த புல் அதைவிட நல்ல எடுத்துக்காட்டு. ஒருவர் பயன்படுத்துவதால் குறையாது. யாரையும் விலக்க முடியாது. செலவு ஒரு நிமிடம். முகமறியாத ஒருவருக்கு அந்த ஒரு நிமிடத்தை ஏன் கொடுக்க வேண்டும் என்பதற்குப் பொருளியலில் சுலபமான விடை இல்லை. பசியை அறிந்தவர்களின் கூட்டத்துக்குள் செய்தி ஒரு சொத்தாகப் பதுக்கப்படவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

அந்தப் பசி எப்படி இருந்தது என்பதை மலைபடுகடாம் அதிகம் விவரிப்பதில்லை. அதற்குச் சிறுபாணாற்றுப்படைக்குப் போக வேண்டும். அதுவும் நமக்கு அயலான பாட்டன்று. திண்டிவனம் பக்கத்து ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. கூரை சிதைந்த சமையலறை, குட்டிகளை ஈன்று கிடக்கும் நாய், உப்புக்கும் வழியில்லாமல் வேளைக்கீரையைக் கிள்ளி வேகவைக்கும் பெண். பிறர் பார்த்துப் பேசிவிடுவார்களோ என்று நாணிக் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு அதை உண்கிறாள். பெரும்பாணாற்றுப்படையில் எயினப் பெண்கள் எறும்பு சேர்த்த புல்லரிசியைத் தோண்டி எடுத்து உலையிடுகிறார்கள். மூன்று பாட்டுகளையும் சேர்த்துப் படித்தால்தான் சங்ககால உணவு நமக்கு விளங்கும். ஒரு பக்கம் திறந்த கதவும் நெய்ச்சோறும். மறுபக்கம் சாத்திய கதவும் உப்பில்லாக் கீரையும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடக்க உதவியது ஒரு பெயரும், வழி தெரிந்த ஒருவனும்.

அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட வறுமையும் பஞ்சங்களும் பற்றிய நூலில் நிறுவியதும் இதற்கு மிக அருகில் உள்ளது. ஒன்பது வயதில் 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை நேரில் பார்த்தவர் அவர். உணவு இல்லாததால் மட்டும் பஞ்சம் வருவதில்லை. இருக்கும் உணவின்மீது மனிதருக்கு உரிமை இல்லாமல் போவதால் வருகிறது என்பது அவர் கண்ட முடிவு. நன்னன் நாட்டில் கூத்தனுக்கு அந்த உரிமை இருந்தது. ஆனால் கூத்தன் அல்லாத ஏழை வழிப்போக்கனுக்கு? "நன்னனின் கூத்தன்" என்று சொல்ல முடியாத ஒருவன் அதே வாசலில் நின்றால் என்ன கிடைத்திருக்கும் என்பதைப் பாட்டு சொல்லவில்லை. உபசரிப்பு பெயருக்குக் கிடைத்தது என்று பாட்டே சொல்லும்போது, பெயர் இல்லாதவனைப் பற்றிய ஐயம் நியாயமானதே.

பிற்காலத்து அரசுகள் இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்டன. 1876-78 பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியில் நாள் முழுவதும் உழைக்கும் ஆணுக்குக் கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்று குறைத்தார். மெய்யாகவே பசித்தவன் மட்டுமே வரவேண்டும் என்பது அதன் நோக்கம். கூலி உயிர்வாழப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். வட ஆற்காடும் அந்தப் பஞ்சத்தில் சிக்கிய மாவட்டமே. வந்தவன் வாய் திறக்குமுன் இலை போட்ட மலைக்குடிசை ஒரு முனை என்றால், பசியை மெய்ப்பித்துக் காட்டு என்று கேட்ட ஆவணம் மறுமுனை. உணவு பற்றிய இன்றைய நம் கொள்கைகள் எல்லாம் இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில்தான் எங்கோ நிற்கின்றன.

தமிழ்நாடு இதில் மற்ற மாநிலங்களைவிட மலைக்குடிசையின் பக்கம் சற்று நெருங்கியே நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரிக்காமல் அனைவருக்குமான பொது விநியோகம், 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவு ஆகிய அனைத்தும், பசியை மெய்ப்பிக்கச் சொல்லாத திட்டங்கள். பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தட்டு வருகிறது, கேள்வி இல்லை. சலுகை பெறத் தகுதியற்றவர்களும் பெறுகிறார்களே என்று என் துறை நண்பர்கள் சிலர் குறைப்படுவார்கள். தகுதியற்றவரை விலக்கக் கேட்கும் கேள்விகள் தகுதியுள்ளவரைத்தான் முதலில் விலக்கும் என்பது என் நெடுநாள் வாதம்.

2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டை' திட்டம் நன்னனின் உண்டியலை அப்படியே நினைவூட்டுவது. பீகாரில் பெயர் பதிந்த தொழிலாளி இங்கே கட்டட வேலைக்கு வந்தால், இங்குள்ள கடையிலேயே தன் பங்கு தானியத்தைப் பெறலாம். ஊர்விட்டு ஊர் செல்லும் உரிமை என்பது இதுதான். இங்கே மலைக்குடிசை ஏமாறவும் இல்லை, அரசு ஈடுசெய்கிறது. ஆனால் பெயரைச் சொன்னால் போதாது, விரல்ரேகை பொருந்த வேண்டும். செங்கல் சுமந்தும் சிமெண்டு குழைத்தும் தேய்ந்த விரலைக் கருவி சில வேளைகளில் அடையாளம் காண்பதில்லை. இந்த வசதி தனக்கு உண்டு என்று அந்தத் தொழிலாளிக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பது அடுத்த சிக்கல். திட்டம் இருக்கிறது, புல் முடிந்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் ஊரில் சோற்றுக்குக் குறைவில்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் புளிசாதமும் தயிர்சாதமும் பொட்டலம் பொட்டலமாகக் கைமாறும். அருணாசலேசுவரர் கோயிலில் அன்னதானம் உண்டு. இரமணாசிரமத்தில் நாள்தோறும் நண்பகலுக்கு முன் ஏழைகளுக்கும் சாதுக்களுக்கும் உணவு வழங்கப்படுகிறது. தீபத் திருவிழாவின்போது அன்னதானம் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்பதிவு செய்ய வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் அறிவிக்கிறது. அது தேவையான ஏற்பாடே. கெட்டுப்போன சோற்றைப் புண்ணியம் என்று கொடுக்கக் கூடாது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கிறேன். கொடுப்பவருக்குப் புண்ணியம் சேரும் நாளில் பாதை நெடுகச் சோறு. மறுநாள் காலையில் அதே பாதையில் இருக்கும் அதே முதியவருக்குத் தேநீருக்கும் வழியில்லை. மலைபடுகடாத்து விருந்து வந்தவனின் நாளைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. பல நாள் தங்கினாலும் முதல் நாளின் விருப்பம் மாறாமல் நன்னன் பேணுவான் என்று கூத்தன் உறுதி சொல்கிறான். வழியிலிருந்த குடிசைகளைப் பற்றி அவன் அப்படி எதுவும் சொல்லவில்லை. பல நாள் விருந்து அரண்மனைக்குத்தான் கட்டுப்படியாகும்.

2019-இல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 'கூட்டாஞ்சோறு' என்னும் இயலில் மலைபடுகடாத்தின் சில அடிகள் இடம்பெற்றிருக்கின்றன. செங்கத்துப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பாட்டைத் தங்கள் வகுப்பறையிலேயே படிக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. கூத்தர்கள் சிற்றூருக்குள் நுழைந்து, நெய்யில் வெந்த இறைச்சியோடு தினைச்சோற்றைப் பெறும் இடத்தில் பாடப்பகுதி முடிந்துவிடுகிறது. தேர்வுக்கு அது போதும். ஆசிரியர்களுக்கு நேரம் இருந்தால் இன்னும் பதினைந்து அடிகள் தொடர்ந்து படித்துக் காட்டலாம். மணமலர் சூடிய கூந்தலோடு குறமகள் ஒருத்தி சோறாக்கிக் கொண்டிருப்பது அங்கேதான்.